ரிலே சொடுக்குகிறது, ரேடியேட்டர் விசிறி சுழலவில்லை: என்ன செய்யலாம்?

பழைய கார். ஓடும்போது வெப்பமானி முள் நடுவில் நிற்கிறது. நெரிசலில் நின்றால் சிவப்பை நோக்கி ஏறுகிறது.

விசிறியை நேரடியாக பேட்டரியில் இணைத்தால் நன்றாகச் சுழல்கிறது. மோட்டார்மீது பழி சொல்ல முடியாது. சூடேறினால் விசிறியைப் போடவேண்டிய வெப்ப சுவிட்சின் இரு வயர்களையும் சேர்த்துப் பிடித்தால் ரிலே (விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) 'டக்' என்கிறது, விசிறியோ அசைவதில்லை. ரிலேயின் 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து வரும் வயரில் 12.4 வோல்ட். 87ஆம் முனையிலிருந்து விசிறிக்குப் புறப்படும் வயரிலும், விசிறியைக் கழற்றிவிட்டால், அதே அளவு. மாட்டியதும் 5க்குச் சரிகிறது. அப்போதும் 30இல் 12 குறையவில்லை. புது ரிலே போட்டும் அதே கதை. சாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்: 87ஐச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்து கிடக்கிறது.

சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா? அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே, 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று புதிதாகவே இழுத்துவிடலாமா? எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

இன்னொன்று. ரிலேயை இயக்கும் சுருளின் 86ஆம் முனைக்கு மின்சாரத்தைச் சாவி வழியாக எடுப்பதா, பேட்டரியிலிருந்தா? பேட்டரியிலிருந்து எடுத்தால் என்ஜினை அணைத்த பின்னும் சூடு தணியும்வரை விசிறி ஓடும். ஆனால் வெப்ப சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் பேட்டரி தீர்ந்து காலையில் வண்டி கிளம்பாது. கைச்சுவிட்ச் யோசனை மட்டும் வேண்டாம், நான் மறதிக்காரன். இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.