பதில்: பாலிமர் அலாய்க்குத் தமிழில் என்ன? – ‘இணங்குகலவை’

நண்பர்களுக்கு வணக்கம். பாலிமர், அதாவது பலபடி, சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறு; பிளாஸ்டிக், நைலான் எல்லாம் அதுதான். இரண்டு பலபடிகளை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி கலந்த பொருளை ஆங்கிலத்தில் ‘பாலிமர் அலாய்’ என்கிறார்கள். அகராதிக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடி இங்கே வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘பாலிமர் அலாய்’ என்பதைப் ‘பலபடி உலோகக்கலவை’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம். உலோகமே இல்லாத பொருளுக்கு உலோகக்கலவை என்று பெயர் வைத்தால் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகூடச் சிரிக்கும். இலங்கையில் புழங்கும் ‘கலப்புலோகம்’ போட்டாலும் இதே கதைதான். ஆங்கிலத்தின் அலாயில் உலோகம் என்ற சொல் உள்ளே உட்காரவில்லை. அதனால் பிளாஸ்டிக்குக்கு இரவல் கொடுக்க முடிந்தது. அதிலும் எல்லாருக்கும் சம்மதமில்லை. வேதியியல் சொற்களை வரையறுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயூபேக் 2004இல் வெளியிட்ட வரையறைகளில், ப்ளெண்ட் (பலபடிகளின் கலவை) என்று எழுதவேண்டிய இடத்தில் அலாய் என்று எழுதுவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலைகளில் யாரும் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. நமக்கும் ஒன்று தேவைதான்.

> இரண்டுக்கும் ‘பலபடிக் கலவை’ போதாதா?

ப்ளெண்டுக்குப் போதும். அலாய்க்குப் போதாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சொல்லின் தேர்வு அதில்தான் இருக்கிறது.

இரண்டு பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கினால் பெரும்பாலும் அவை கலப்பதே இல்லை. சிறிய மூலக்கூறுகள் கலப்பதற்கு என்ட்ரோபி, அதாவது கலைந்து பரவி நிற்கும் போக்கு, பெரிய உதவி. எத்தனைக்கெத்தனை மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கின்றனவோ, அத்தனைக்கத்தனை கலந்து நிற்கும் வழிகளும் அதிகம். ஒரு கிராம் ஸ்டைரீனை எடுத்து, மூலக்கூறு எடை 1,00,000 உள்ள பாலிஸ்டைரீனாகக் கோத்துவிட்டால், மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த அளவுக்கு என்ட்ரோபியின் உதவியும் சுருங்கிவிடுகிறது. ஃபுளோரி, ஹக்கின்ஸ் என்ற அறிவியலாளர்கள் 1940களின் தொடக்கத்தில் கணக்குப்போட்டுக் காட்டியதன் சாரம் இதுதான். இரண்டு சங்கிலிகளுக்கும் இடையே லேசான பிடிக்காமை இருந்தால்கூடப் போதும், பிரிந்துவிடும்.

பிரிந்தது எப்படித் தெரியும்? பாலிஎத்திலீனையும் பாலிஸ்டைரீனையும் வேறு எதுவும் சேர்க்காமல் கலந்து வார்த்த பட்டையை ஒடித்துப் பாருங்கள். முறிந்த இடத்தில் ஏடு ஏடாக உரியும். அந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் வட்ட வட்டமான குழிகள், உள்ளே வழவழவென்று. ஒரு பலபடியின் துளிகள் இன்னொன்றிலிருந்து சுத்தமாகக் கழன்று வந்த தடம் அது. இதற்கும் பெயர் கலவைதான், சந்தேகமில்லை. அலாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது நைலானையும் பாலிபுரோப்பிலீனையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, மாலிக் அன்ஹைட்ரைடு என்ற எளிதில் வினைபுரியும் வேதிப்பொருள் ஒட்டிய பாலிபுரோப்பிலீன் கொஞ்சம் சேர்த்து ட்வின் ஸ்க்ரூவில் (இரட்டைத் திருகு கொண்டு உருக்கிக் கலக்கும் இயந்திரம்) ஓட்டினால், அந்த அன்ஹைட்ரைடு நைலான் சங்கிலியின் நுனியிலுள்ள அமீன் தொகுதியோடு அங்கேயே வினைபுரிந்து ஓர் ஒட்டுப் பலபடி உருவாகிறது. அதன் ஒரு பகுதி நைலானுக்குள், மறு பகுதி பாலிபுரோப்பிலீனுக்குள். துளிகள் சிறுத்துவிடுகின்றன, எல்லையிலும் பிடிப்பு வந்துவிடுகிறது. ஒடித்தால் துளி கழன்று வராமல், கிழிகிறது. 1970களில் டூபாண்ட் கொண்டுவந்த மிகு உறுதி நைலானும் இந்த வழிதான். உள்ளே இருப்பது மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய ரப்பர், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துணுக்குகளாக.

இப்படி எல்லையில் நின்று பிடித்துக்கொடுக்கும் பொருளுக்கு இங்கே ஒருவர் வேடிக்கையாகத் ‘தரகர்’ என்று எழுதியிருந்தார். கல்யாணத் தரகர் பந்தி முடிந்ததும் போய்விடுவார். இது அங்கேயே குடியிருக்கிறது. ‘இணக்கி’ என்று வைக்கலாம். வினையூக்கி, குளிரூட்டி வரிசையில் இயல்பாக உட்காரும். பெயர் வைக்கத் தகுதியான பொருள்தான். 2017இல் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகத்தார் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மாறி மாறி வரும் ஒரு பலபடியை எடையில் 1% சேர்த்தே அவ்விரண்டின் நொறுங்கும் கலவையை உறுதியாக்கிக் காட்டினார்கள். பிளாஸ்டிக் குப்பையில் இவ்விரண்டும் சேர்ந்தேதான் வரும் என்பதை நினைத்தால் அந்த ஒரு சதவீதத்தின் மதிப்பு புரியும்.

> அப்படியென்றால் ‘இணக்கிய கலவை’ என்றே வைக்கலாமே?

கிட்டத்தட்ட சரி. ஆனால் பிசி/ஏபிஎஸ் (பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கும் சேர்ந்தது) இடிக்கும். லேப்டாப் உறை, கார் டாஷ்போர்டு என்று எங்கும் கிடக்கிற அலாய் அது. பாலிகார்பனேட்டும் ஏபிஎஸும் தனித்தனிப் பகுதிகளாகவே இருந்தாலும், யாரும் இணக்காமலே ஒன்றையொன்று ஓரளவு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ‘இணக்கிய’ என்றால் வெளியிலிருந்து ஒன்று வந்து இணக்கியிருக்கவேண்டும். ‘இணங்கு’ என்று தன்வினையாக வைத்தால் தானாக இணங்கியதும் அடங்கும், இணக்கி போட்டு இணங்கியதும் அடங்கும். எனவே என் முன்மொழிவு ‘இணங்குகலவை’. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. நடுவில் ‘க்’ போட்டுவிடாதீர்கள். இணக்கி என்ற சொல்லோடு உறவும் விட்டுப்போகாது.

‘கலப்புப் பலபடி’ என்று வந்த யோசனை எனக்கு உவப்பில்லை. படிப்பவர் அதைக் கோபாலிமர் என்றுதான் எடுத்துக்கொள்வார். கோபாலிமரில் ஒரே சங்கிலிக்குள் இரண்டு அலகுகள். இங்கே சங்கிலிகளே வேறு வேறு.

மிச்சமிருப்பது நோரில், பிபிஓ (பாலிஃபீனைலீன் ஆக்சைடு) என்ற பலபடியைப் பாலிஸ்டைரீனோடு கலந்த பிளாஸ்டிக். 1966இல் ஜெனரல் எலக்ட்ரிக் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிபிஓவின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (விறைப்பு போய் இளகத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 210 டிகிரி, பாலிஸ்டைரீனுக்குச் சுமார் 100. தனியாகப் பிபிஓவை உருக்கி வார்ப்பது பெரும்பாடு. பாலிஸ்டைரீனோடு சேர்த்தால் எந்த விகிதத்திலும் மூலக்கூறு மட்டத்திலேயே கலந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வெப்பநிலையைக் காட்டுகிறது. வியாபாரத்தில் இதையும் அலாய் என்பார்கள், ஆனால் இது இணங்கியது அல்ல, கரைந்தே போனது. ‘ஒன்றிய கலவை’ என்று எழுதலாம் என்றால், இன்றைய தேதியில் அரசியல் கட்டுரை என்று நினைத்துவிடுவார்கள். ‘கரைகலவை’ எப்படி?

அகராதிப் பதிவைத் தொடங்குபவர் இணங்குகலவைக்குப் பிசி/ஏபிஎஸையும் நைலான்-பாலிபுரோப்பிலீனையும் எடுத்துக்காட்டாகப் போடுங்கள். நோரிலைத் தனிப் பதிவாக வையுங்கள். ‘கரைகலவை’க்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் அதற்குள் எழுதட்டும்.