மலையே இல்லாத ஊரில் பல நாள் சைக்கிள் பந்தயம் நடத்தினால் நேர வித்தியாசம் வருமா?

நீடாமங்கலத்தான்

வணக்கம். பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்குப் போன வருடம் பள்ளியில் சைக்கிள் கொடுத்ததிலிருந்து சைக்கிள் பைத்தியம். ஜூலை வந்தால் சாப்பிடும்போதும் போனில் டூர் டி பிரான்ஸ்தான், கூட உட்கார்ந்து பார்த்ததில் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அடிப்படைக் கணக்கு புரிகிறது: மொத்தம் 21 ஸ்டேஜ், நடுவில் இரண்டு நாள் ஓய்வு, மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், தினமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறார்கள், கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. ஒரு ஸ்டேஜில்கூட முதலில் வராமல் மொத்தப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம் என்பதும் தெரியும், 2017இல் கிறிஸ் ஃப்ரூம் அப்படித்தான் ஜெயித்தார்.

எனக்குப் புரியாதது சமவெளி நாட்கள். நூற்றைம்பது பேர் ஒரே கொத்தாக வந்து சேர்கிறார்கள், கடைசி ஆள் கோட்டைத் தாண்ட அரை நிமிடம் ஆனாலும் எல்லாருக்கும் ஒரே நேரம் போட்டுவிடுகிறார்கள். மலை வந்தால்தான் பிரிகிறார்கள். அப்படியானால் ஒரு மேடுகூட இல்லாத நம்ம டெல்டாவில், கல்லணையில் ஆரம்பித்துக் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், வேதாரண்யம் என்று நான்கைந்து நாள் பந்தயம் வைத்தால் கடைசிவரை எல்லாரும் சமமாகத்தானே நிற்பார்கள்? மகள் இல்லவே இல்லை என்கிறாள், ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு சந்தேகம்: ஒரு அணிக்கு எட்டுப் பேர், ஜெயிக்கப்போவது ஒருவர், மற்ற ஏழு பேரும் எதற்காக இப்படி உயிரைக் கொடுத்து மிதிக்கிறார்கள்?

மேலக்காத்து

அண்ணே, பாப்பா சொல்வதுதான் சரி. நம்ம ஊரில் மலை இல்லை, ஆனால் காற்று இருக்கிறது, அதுவும் டூர் நடக்கும் அதே ஆனி, ஆடி மாதத்தில்.

சமதரையில் 45 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் தன் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றைத் தள்ளத்தான் செலவழிக்கிறார். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிப் போகிறவருக்கு அதே வேகத்தில் கால்வாசிக்கு மேல் பலம் மிச்சமாகும், பெரிய கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் அதிகம். அதனால்தான் சாதாரண நாளில் யாரும் யாரையும் விட்டுப் பிரிய முடிவதில்லை. எதிர்க்காற்றிலும் இதே கதைதான். பக்கக்காற்று அடித்தால் மட்டும் கதை மாறிவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து பேரளம், பூந்தோட்டம் வழியாகத் திருவாரூர் போகும் சாலையில் ஆடி மாதம் மத்தியானம் சைக்கிள் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெற்கே போகிறோம், காற்று மேற்கிலிருந்து, அதாவது வலது பக்கத்திலிருந்து அறைகிறது. புளியமரமும் வீடுகளும் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, ஊர் தாண்டி இரண்டு பக்கமும் வயல் திறந்தவுடன் ஹேண்டில்பார் தானாக இடது பக்கம் நழுவும், காது அடைத்துவிடும், பின்னால் வருகிறவன் கத்துவதுகூடக் கேட்காது. அந்த நேரத்தில் முன்னால் போகிறவரின் நேர் பின்னால் போய்ப் பயனில்லை, அவருக்கு இடது பின்புறமாகச் சாய்ந்து போக வேண்டும். அவருக்கு இடது பின்புறம் அடுத்தவர், அவருக்கு அடுத்தவர். சாயங்காலம் வயலுக்கு மேலே நாரைக் கூட்டம் சாய்வாகப் போகிறதே, அப்படி. இதில்தான் வினை இருக்கிறது: சாலையின் அகலம் முடிகிற இடத்தில் அந்தச் சாய்வு வரிசையும் முடிந்துவிடும். பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இடம். அதற்குப் பின்னால் வருகிறவர்கள் சாலை விளிம்பில் ஒருவர் பின் ஒருவராக, மறைவே இல்லாமல் காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அவர்களில் ஒருவர் களைத்து ஒரு சைக்கிள் நீளம் விட்டுவிட்டால் அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் அறுந்துபோவார்கள். பலமான அணிகள் இதற்காகவே காத்திருந்து, சாலை திரும்பிக் காற்று பக்கவாட்டில் மாறுகிற அந்த நிமிடத்தில் மொத்தமாக முன்னால் வந்து வேகத்தைக் கூட்டுவார்கள்.

2015 டூரின் இரண்டாம் நாளைப் பாப்பாவுக்குக் காட்டுங்கள். நெதர்லாந்தில் யூட்ரெக்ட்டிலிருந்து ஜீலாந்து கடற்கரைவரை. ரைன், மாஸ், ஸ்கெல்ட் ஆறுகள் கடலில் விழும் டெல்டா அது, மலை என்ற பேச்சே கிடையாது. மழையோடு காற்று அடித்துக் கூட்டம் துண்டு துண்டானது. அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியன் நிபாலியும், கொலம்பியாவின் மலையேற்றக்காரர் கின்டானாவும் பின்னால் மாட்டிக்கொண்டு 1 நிமிடம் 28 விநாடி இழந்தார்கள். முன் கொத்தில் ஃப்ரூம் இருந்தார். அதற்குப் பிறகு பிரெனீஸ், ஆல்ப்ஸ் எல்லாம் ஏறி இறங்கி மூன்று வாரம் கழித்துப் பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது ஃப்ரூமுக்கும் இரண்டாவதாக வந்த கின்டானாவுக்கும் இருந்த வித்தியாசம் 1 நிமிடம் 12 விநாடி. அந்த டெல்டா நாளில் போன நேரம் அதைவிட அதிகம்! ஆகவே சமவெளி நாளைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள்.

கொள்ளிடக்கரை

காற்றே இல்லாவிட்டாலும் வித்தியாசம் வரவழைக்கலாம். தனி ஆள் நேர ஓட்டம் ஒன்று வைத்தால் போதும், ஒவ்வொருவராகத் தனித்தனியே கிளப்பிவிடுவார்கள், யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. 1989இல் கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், மேடு என்று எதுவும் இல்லாத சாலை. லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையோடு கிளம்பினார், கிரெக் லெமோண்ட் அந்தத் தூரத்துக்குள் அதையும் தாண்டி 8 விநாடி வித்தியாசத்தில் டூரையே ஜெயித்தார். ஆண்கள் டூரில் அதுதான் இன்றுவரை மிகக் குறைந்த வித்தியாசம். லெமோண்ட் கைகளை முன்னால் நீட்டிக் குறுக்கி வைத்துக்கொள்ளும் ஹேண்டில்பார் போட்டிருந்தார், ஃபின்யோன் தலைக்கவசம்கூட இல்லாமல் குடுமி பறக்க ஓட்டினார். அதுவும் காற்றுக் கணக்குதான்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய்த் திரும்புகிற தூரம் போதும், கூட்டத்தோடு மட்டும் ஓடத் தெரிந்தவர் யார், தனியாக ஓடத் தெரிந்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

நீடாமங்கலத்தான்

மேலக்காத்து தம்பி, அந்த 2015 கணக்கைப் படித்ததும் மகள் எழுந்து நின்றுவிட்டாள். ரொம்ப நன்றி. அந்த ஏழு பேர் விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். பெண்களுக்கும் இதே பந்தயம் உண்டா என்று அவளே கேட்கச் சொல்கிறாள்.

குடந்தைப் பெடல்

ஏழு பேர் விஷயத்துக்கு நான் வருகிறேன், எனக்கு இந்தப் பந்தயத்தில் பிடித்ததே அவர்கள்தான்.

மேலே சொன்ன காற்றை அணித்தலைவருக்குப் பதிலாக வாங்கிக்கொள்வதுதான் அவர்களுடைய முதல் வேலை. நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் தலைவரை மறைத்துக் கூட்டிக்கொண்டு வந்து, மலையடிவாரத்தில் அல்லது கடைசிச் சில கிலோமீட்டரில் விட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அவர்களை டொமஸ்டிக் என்பார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் தலைவர் பின்னால் போவதில்லை, ஒரு டொமஸ்டிக் கூட்டத்தின் பின்னால் வரும் அணிக் காருக்கு இறங்கிப் போய் ஏழெட்டுப் பாட்டில்களைச் சட்டை முதுகுக்குள் திணித்துக்கொண்டு, அந்தப் பாரத்தோடு மறுபடியும் கூட்டத்தைப் பிடித்து முன்னால் ஏறி வந்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். வெயில் நாளில் மெல்லிய நைலான் காலுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு முடிந்து தருவார்கள், அதைப் பிடரியில் செருகிக்கொள்வார்கள், உருகி முதுகெல்லாம் நனையும். கேமரா பின்னால் போகும்போது இதைக் கவனித்துப் பாருங்கள்.

1934இல் ரெனே வியேத்தோ என்ற இருபது வயதுப் பையன், மலையில் மின்னல் மாதிரி ஏறக்கூடியவன், அணித்தலைவர் அன்தொனின் மான்யின் சக்கரம் உடைந்ததும் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் அவன் படம் பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். மறுநாளும் தலைவருக்குச் சிக்கல் வர, முன்னால் போய்விட்டவன் திரும்பி வந்து உதவினான். மான்ய் அந்த டூரை ஜெயித்தார், வியேத்தோ ஐந்தாவதாக வந்தான். வியேத்தோ கடைசிவரை டூரை ஜெயிக்கவே இல்லை. ஆனால் தொண்ணூறு வருடம் கழித்தும் நாம் அவனைப் பற்றிப் பேசுகிறோம், மான்யைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்?

பணத்துக்கும் பதில் இருக்கிறது. மொத்தப் பந்தயத்தையும் ஜெயிப்பவருக்கு 5 லட்சம் யூரோ, அதை அவர் தனியாக வைத்துக்கொள்வதில்லை, அணியோடு பங்கு போடுவதுதான் வழக்கம். அப்புறம் எல்லாருக்கும் குறி மஞ்சள் சட்டை மேல் கிடையாது. மலையேறும் போதெல்லாம் கடைசியில் வந்துகொண்டிருந்த மார்க் கேவண்டிஷ் 2024இல் தன் 35ஆவது ஸ்டேஜை ஜெயித்து எடி மெர்க்ஸின் சாதனையைத் தாண்டினார். அதையும் சமவெளி நாளில்தான் தாண்டினார்.

டெல்டாக்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், ஓடும்போது அவர்கள் சாப்பிடுவதில் சோறும் உண்டு! அரிசியைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் கிரீம் சீஸும் கலந்து, தட்டில் அழுத்தி ஆறவைத்துத் துண்டு போட்டு அலுமினியத் தாளில் சுற்றிப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். ஓட்டிக்கொண்டே ஒற்றைக் கையால் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். இப்போது ஜெல்லும் மாவுச்சத்துப் பானமும் வந்துவிட்டன, ஆனாலும் அரிசித் துண்டு போகவில்லை.

வேதை உப்பு

பெண்களுக்கு உண்டு. பெண்கள் டூர் 2022இல் மீண்டும் ஆரம்பித்தது, ஒரு வாரத்துக்கு மேல் நடக்கும். தங்கைக்கு 2024ஐக் காட்டுங்கள். ராட்டர்டாமில் தொடங்கி ஆல்ப் டுவெஸ் மலையில் முடிந்தது. நடுவில் ஒரு நாள் மஞ்சள் சட்டையோடு இருந்த டெமி வோலரிங் கீழே விழுந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் இழந்தார். கடைசி நாள் ஆல்ப் டுவெஸ் உச்சிக்கு அவரே முதலில் வந்தார், ஆனாலும் போலந்தின் காசியா நிவியடோமா 4 விநாடியில் மொத்தப் பந்தயத்தை ஜெயித்தார். ஸ்டேஜில் முதல் மூன்று இடத்துக்கு 10, 6, 4 விநாடி என்று கழிவு தருகிறார்கள், அந்தக் கழிவின் மதிப்பு இந்த மாதிரி நாளில் தெரியும். ஏற்றம் எப்படி என்றால், அந்த டூர் கடைசி நாளில் ஏறிய கிளாந்தோன் கணவாயை விட்டுவிடுங்கள், ஆண்கள் அடிக்கடி ஏறும் கலிபியே கணவாய் 2,642 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637. அந்த உயரத்தில் சைக்கிளில் சண்டை போடுகிறார்கள்.

மன்னைச் சாலை

எல்லாம் நல்ல பேச்சுதான், ஆனால் டெல்டாவில் நடத்தலாம் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அங்கே ஸ்டேஜ் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே சாலையை மூடிவிடுகிறார்கள், வளைவுக்கு வளைவு ஆள் நிற்கிறார், முன்னும் பின்னும் போலீஸ் மோட்டார் சைக்கிள். இங்கே பஸ்ஸும் டிராக்டரும் போகிற சாலை, வாய்க்கால் பாலம் வந்தால் சட்டென்று குறுகும், தை மாசியில் வைக்கோல் வேறு சாலையில் கிடக்கும். மாட்டு வண்டிப் பந்தயத்துக்குக் காலையில் ஒரு சாலையை அடைத்துச் சமாளிக்கிறோம், நான்கு நாள், நான்கு மாவட்டம் என்றால் அனுமதி வாங்குவதற்குள் நாக்கு தள்ளிவிடும். நான் எதிர்ப்புச் சொல்லவில்லை, முதலில் ஒரே சாலையில் தனி ஆள் நேர ஓட்டம் நடத்திப் பழகலாம் என்கிறேன். கொள்ளிடக்கரை சொன்னதுதான் நடக்கக்கூடியது.

மேலக்காத்து

மன்னைச் சாலை அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், நேர ஓட்டத்தில் ஆரம்பிப்பதுதான் நல்லது. மேற்கிலிருந்து கிழக்கே போகிற சாலையாக எடுத்தால் போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது வஞ்சம் தீர்க்கும், அதனால் போய்வருகிற ஓட்டமாக வைக்க வேண்டும். ஒரு வழி மட்டும் வைத்தால் நேரத்தைப் பார்த்து யாரும் ஏமாந்துபோகலாம். கடலோரத்தில் வைத்தால் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பிக் கணக்கையே மாற்றும், ஆகவே எல்லாரையும் காலை ஒன்பது மணிக்குள் ஓடி முடிக்க வைக்க வேண்டும்.

நீடாமங்கலத்து அண்ணே, பாப்பா தோழிகளோடு சேர்ந்து அந்தச் சாய்வு வரிசையைச் சாலையில் பழகிப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் விடாதீர்கள். வடக்கே போகும்போது காற்று இடது பக்கம், சாய்வு வரிசை வலது பக்கம் விரியும், அதாவது எதிரே வரும் பஸ்ஸுக்குள். தெற்கே போனால் முன்னால் போகிற பெண் நடுச்சாலையில் இருப்பாள். அடைத்த சாலையில் மட்டும் செய்யக்கூடிய வேலை அது. இப்போதைக்கு இடது ஓரமாக ஒருவர் பின் ஒருவராகப் போகட்டும், முன்னால் இருப்பவர் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும், முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தைத் தாண்டி ஒருபோதும் நுழையக் கூடாது, உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.