அவசரம்: கார் ஓட்டும்போது மட்டும் கேம் திக்கித் திக்கி ஓடுது, எந்த செட்டிங்ஸ் வைக்கணும்?

வேகவண்டி:
வணக்கம் நண்பர்களே, கேம் நின்னு பார்த்தா நல்லாத்தான் ஓடுது, 50 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 50 ஃப்ரேம்) காட்டுது, ஆனா கார்ல ஏறி ஸ்பீடா போனா ரெண்டு மூணு செகண்டுக்கு ஒருக்கா டக்குனு நின்னு நின்னு போகுது, எல்லாத்தையும் லோ வெச்சுட்டேன் அப்பவும் அப்படித்தான். ஸ்மூத்தா ஓட என்ன செட்டிங்ஸ்னு யாராவது உடனே சொல்லுங்க ப்ளீஸ், நைட்டு விளையாடணும்

கீபோர்டுகிறுக்கன்:
எந்த கேம் ப்ரோ? எந்த கிராபிக்ஸ் கார்டு, ரேம் எவ்வளவு, மானிட்டர் என்ன ரெசல்யூஷன்? இதெல்லாம் சொல்லாம எந்த செட்டிங்க சொல்றது

தூசிதட்டி:
ஹீட்தான். கண்ண மூடிட்டு சொல்லுவேன். ஃபேன்ல தூசி அடைஞ்சிருந்தா 95 டிகிரிக்குப் போய் க்ளாக் (சிப் ஓடுற வேகம்) தானா இறங்கிடும், செட்டிங்ஸ் என்ன மாத்தினாலும் வேலைக்கு ஆகாது. முதல்ல க்ளீன் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்துங்க.

சும்மா_ஒருத்தன்:
லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? லேப்டாப்னா சார்ஜர் போட்டுத்தான விளையாடுறீங்க? பேட்டரில ஓடினா கார்டு முழு பவர்ல வேலை செய்யாது

பழையபெருச்சாளி:
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க தம்பி. ப்ராசசர், கார்டு, ரேம், டிஸ்க், ரெசல்யூஷன், இந்த அஞ்சையும் எழுதாம "ஸ்மூத்தா ஓடல"ன்னு மட்டும் சொன்னா டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்ற மாதிரி. முதல்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கக் கத்துக்கோங்க, அப்புறம் செட்டிங்ஸ் பத்திப் பேசலாம்.

வேகவண்டி:
சாரி ப்ரோ, சைபர்பங்க் 2077. லேப்டாப்தான், ஜிடிஎக்ஸ் 1650, ஐ5 9300எச், 8 ஜிபி ரேம், 1080பி. சார்ஜர் எப்பவும் போட்டுத்தான் இருக்கும். டாஸ்க் மேனேஜர்ல பார்த்தேன், ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 15% தான் யூஸ் ஆகுது! கார்டு சும்மா உக்காந்திருக்கு போல, அதை எப்படி வேலை செய்ய வைக்கிறது?

தூசிதட்டி:
15%னா ஹீட்ல க்ளாக் இறங்கியிருக்கு, நான் சொன்னேன்ல

கீபோர்டுகிறுக்கன்:
இல்ல ப்ரோ, ஹீட்ல க்ளாக் இறங்கினா யூசேஜ் குறையாது, மெதுவா ஓடிக்கிட்டே யூசேஜ் 95%க்கு மேலதான் நிக்கும். @வேகவண்டி நீங்க பார்த்தது அநேகமா ஜிபியு 0, அது ப்ராசசருக்குள்ள இருக்கிற இன்டெல் கிராபிக்ஸ். அதுக்குக் கீழ ஜிபியு 1னு இன்னொண்ணு இருக்கும், அதான் உங்க 1650. அதை க்ளிக் பண்ணி, அடியில டெடிகேட்டட் ஜிபியு மெமரின்னு (கார்டோட சொந்த மெமரி, விரேம்) ஒரு வரி இருக்கும், கார் ஓட்டிட்டு ஆல்ட் டேப் அடிச்சு அதுல என்ன காட்டுதுன்னு சொல்லுங்க. அப்படியே டிஸ்க் எத்தனை %, மெமரி பக்கத்துல ஸ்லாட்ஸ் யூஸ்டுன்னு (ரேம் போட்டிருக்கிற இடம்) எத்தனை காட்டுதுன்னும் பாருங்க. கேம் ஹார்டு டிஸ்க்லயா எஸ்எஸ்டிலயா?

மின்னல்மணி:
டிடியுன்னு டிரைவர் அழிக்கிற டூல் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டு பழைய கிராபிக்ஸ் டிரைவரை சுத்தமா துடைச்சுட்டு புதுசு போடுங்க. எனக்கு இதே ப்ராப்ளம், அப்படித்தான் சரியாச்சு

சும்மா_ஒருத்தன்:
நின்னா 50 வருது கார்ல போனாதான் திக்குதுன்னு சொல்றாரே, டிரைவர் ப்ராப்ளம்னா நிக்கும்போதும் வரணும்ல?

பழையபெருச்சாளி:
50 வருதுங்கறதே ஏமாத்து வேலை. அது ஒரு செகண்டோட கணக்கு. 50 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 20 மில்லிசெகண்ட். நடுவுல ஒரே ஒரு ஃப்ரேம் 120 மில்லிசெகண்ட் எடுத்துச்சுன்னு வைங்க, மிச்சம் 880ல 44 ஃப்ரேம் வந்துடும், மொத்தம் 45. கவுன்ட்டர்ல 50 போய் 45 ஆகும், யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா கண்ணுக்கு அந்த ஒரு ஃப்ரேம் அப்படியே குத்தும். பார்க்க வேண்டியது ஃப்ரேம் டைமும் (ஒவ்வொரு ஃப்ரேமும் எடுக்கற நேரம்) 1% லோவும்தான் (ரொம்ப மெதுவான 1% ஃப்ரேம்களோட எஃப்பிஎஸ்). இதை எத்தனை தடவை எழுதிட்டேன், படிக்கறவங்க யாரு.

மின்னல்மணி:
அப்ப எஃப்பிஎஸ்ஸ 30க்கு மேல போகாம லாக் பண்ணிட்டா போதுமே, 33 மில்லிசெகண்ட் ஒரே சீரா வரும், திக்கவே திக்காது

தூக்கமில்லாதவன்:
30ல எல்லாம் மனுஷன் விளையாட முடியாது சார். மவுஸ் இழுத்தா ரப்பர் மாதிரி பின்னாடி வரும். 40ல லாக் பண்ணலாம்

மின்னல்மணி:
60 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன் செகண்டுக்கு 60 தடவை ரிஃப்ரெஷ் ஆகும், அதுல 40 எப்படி சீரா வரும்? ஒரு ஃப்ரேம் ஒரு ரிஃப்ரெஷ், அடுத்தது ரெண்டு ரிஃப்ரெஷ்னு மாத்தி மாத்தி வரும். 40க்கு 120 ஹெர்ட்ஸ் வேணும், இல்ல விஆர்ஆர் (ஃப்ரேம் வர்ற வேகத்துக்கு ஸ்க்ரீனே ரிஃப்ரெஷை மாத்திக்கிறது) வேணும்.

தூக்கமில்லாதவன்:
விசின்க்க (ஸ்க்ரீன் ரிஃப்ரெஷ் வரை ஃப்ரேமைக் காக்க வைக்கிற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டா அந்தக் கணக்கே கிடையாதே

மின்னல்மணி:
ஆஃப் பண்ணா படம் நடுவுல கிழியும். கார் திருப்பும்போது லைட் கம்பம் எல்லாம் ரெண்டா வெட்டின மாதிரி தெரியும், அதுக்கு 30 எவ்வளவோ மேல்

தூக்கமில்லாதவன்:
கிழிஞ்சா கிழியட்டும், கை அசைஞ்ச உடனே திரை அசையணும், அதான் முக்கியம். 30தான் வேணும்னா பிசி எதுக்கு

பழையபெருச்சாளி:
ரெண்டு பேரும் வேற இழை திறந்து சண்டை போடுங்க. கேட்டவர் ஸ்க்ரீன் எத்தனை ஹெர்ட்ஸ்னே இன்னும் சொல்லல.

வேகவண்டி:
பார்த்துட்டேன். ஜிபியு 1ல 96%, டெடிகேட்டட் 3.8 / 4.0 ஜிபி. டிஸ்க் 100%லயே நிக்குது. மெமரி 7.5 / 7.8, ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2. ஹீட் 82. கேம் ஹார்டு டிஸ்க்ல இருக்கு, எஸ்எஸ்டி 256 தான் அதுல இடம் இல்ல. ஸ்க்ரீன் 60

கீபோர்டுகிறுக்கன்:
இப்ப சரியா தெரியுது. விரேம், ரேம், டிஸ்க்னு மூணு இடத்துலயும் தொண்டை வரை நிரம்பி இருக்கு ப்ரோ. கார்ல வேகமா போனா கேம் புதுப் புதுத் தெருவை டிஸ்க்ல இருந்து எடுத்துக்கிட்டே இருக்கணும், ஹார்டு டிஸ்க் அந்த வேகத்துக்குக் கொடுக்காது. 4 ஜிபி விரேம் நிறைஞ்சா மிச்சத்தை ரேம்ல வைக்கும், ரேமும் நிறைஞ்சா விண்டோஸ் அதை பேஜ் ஃபைல்ல (ரேமுக்குப் பதிலா டிஸ்க்ல ஒதுக்கின இடம்) தள்ளும், அந்த பேஜ் ஃபைலும் ஹார்டு டிஸ்க்ல இருந்துச்சுன்னா கேட்கவே வேண்டாம். நிக்கும்போது புதுசா எதுவும் லோட் ஆக வேண்டியதில்ல, அதான் 50 வருது.

எல்லாம் லோன்னு சொன்னீங்க, ஆனா டெக்ஸ்சர் குவாலிட்டியை (பொருளுங்க மேல ஒட்டுற படங்களோட தரம்) தனியா பாருங்க. அது மெயின் மெனுவுல இருந்து போனாதான் மாறும், கேமுக்குள்ள இருந்து போனா மாத்த விடாது. ஹைல இருந்தா மீடியம் ஆக்குங்க, விரேம் இறங்கும். ஷேடோ, ரிஃப்ளெக்‌ஷன் எல்லாம் குறைச்சா எஃப்பிஎஸ் ஏறும், ஆனா உங்க திக்கல் அதால வரல, அதனால அதுங்கள லோல வெச்சு படத்தை அசிங்கம் பண்ண வேண்டியதில்ல. க்ரவுட் டென்சிட்டி (தெருவுல நடமாடுற கூட்டம்) லோ வைங்க, நாலு கோர் ப்ராசசருக்கு அது பெரிய உதவி. எஃப்எஸ்ஆர்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல குவாலிட்டி போட்டா 720பில வரைஞ்சு 1080பி ஆக்கும், கார்டு கொஞ்சம் மூச்சு விடும். இதே மாதிரி என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் உங்க கார்டுல வராது, தேடாதீங்க.

ஆனா முக்கியமா கேமை எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. கேமோட 2.0 அப்டேட் வந்தப்புறம் குறைஞ்சபட்சத் தேவையிலயே எஸ்எஸ்டியும் 12 ஜிபி ரேமும் போட்டுட்டாங்க. 256ல வேற எதையாவது எடுத்துட்டு 70 ஜிபி இடம் பண்ணுங்க. ரெண்டாவது ஸ்லாட் காலியாத்தான இருக்கு, அப்புறமா இன்னொரு 8 ஜிபி போட்டா டூயல் சேனலும் (ரெண்டு ரேமும் சேர்ந்து வேகமா வேலை செய்யறது) கிடைக்கும். அதுவரை ப்ரௌசரை மூடிட்டு விளையாடுங்க.

தூசிதட்டி:
82 இப்ப ஓகே, ஆனா ஒரு மணி நேரம் விளையாடிட்டு மறுபடி பாருங்க

பழையபெருச்சாளி:
கிறுக்கன் சொன்னது எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கோங்க தம்பி, எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க. ஒண்ணு மாத்தி, அதே தெருவுல அதே கார்ல ஓட்டிப் பார்த்துட்டு அடுத்தது மாத்துங்க. இல்லன்னா எது வேலை செஞ்சதுன்னு உங்களுக்கே தெரியாது.

தூக்கமில்லாதவன்:
எஸ்எஸ்டிக்குப் போனப்புறம் லாக் எதுவும் வேண்டாம், 45-50 ஃப்ரீயா ஓடட்டும்

மின்னல்மணி:
60 ஹெர்ட்ஸ்ல 45 ஃப்ரீயா ஓடுறது சீரா இருக்கும்னு இன்னும் சொல்றீங்களா

வேகவண்டி:
எஸ்எஸ்டிக்கு மாத்தி டெக்ஸ்சர் மீடியம், க்ரவுட் லோ வெச்சேன். இப்ப திக்கல, எப்பவாவது லேசா ஒண்ணு. எல்லாருக்கும் நன்றி

கீபோர்டுகிறுக்கன்:
சூப்பர் ப்ரோ. எஸ்எஸ்டிக்கு மாத்தினதுமே நின்னுச்சா, இல்ல டெக்ஸ்சர் மாத்தினப்புறமா? விரேம் இப்ப எவ்வளவு காட்டுது? அடுத்து தேடி வர்றவங்களுக்கு உதவும்

புதுவரவு:
எனக்கும் இதே ப்ராப்ளம், அதே செட்டிங்ஸ் வெச்சேன் சரியாகல, உடனே உதவுங்க

பழையபெருச்சாளி:
ப்ராசசர், கார்டு, ரேம், டிஸ்க், ரெசல்யூஷன்?