மறு: ஜான்ஷினுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்? 'விழிப்புணர்வு' வேணாமே

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா பதில் போட முடியல, மன்னிக்கணும். சனி ஞாயிறு ரெண்டு நாளும் கராத்தே போட்டி, காலைல ஏழு மணிக்கு ஹாலுக்குள்ள போயி மேட் விரிச்சு எடை பாத்து லிஸ்ட் ஒட்டி, கடைசிப் பையனுக்கு மெடல் மாட்டிவிட்டு வெளிய வர்றப்ப ராத்திரி ஒன்பது. இப்பதான் இழையில வந்தது எல்லாத்தையும் ஒரே மூச்சுல உக்காந்து படிச்சேன்.

நடுவுல வந்து சேந்தவங்களுக்காக, ஜான்ஷின்ங்கிற ஜப்பான் சொல்லுக்குத் தமிழ் தேடுற இந்த இழை எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லிடறேன். போன மாசப் போட்டியில நான் மூலை நடுவர். பத்து பதினோரு வயசுப் பொண்ணுங்க ஆட்டம். சிவப்பு பெல்ட் கட்டின பாப்பா பிரமாதமா உள்ள புகுந்து வயித்துல ஒரு குத்து விட்டுச்சு, சத்தம் கேலரி வரைக்கும் கேட்டிருக்கும். விட்ட கையோட கைய மேல தூக்கிக்கிட்டு திரும்பி அவங்கம்மா எங்க உக்காந்திருக்காங்கன்னு தேடுது. நீல பெல்ட் பாப்பா சும்மா நிக்குமா, முதுகுல ஒரு உதை. நாலு மூலையில நாலு பேர் உக்காந்திருக்கோம், ரெண்டு பேர் ஒரே நிறக் கொடிய தூக்கினாத்தான் புள்ளி, சிவப்புக் கொடி ஒண்ணுகூட எழும்பல. உதைக்கு நீலத்துக்கு ரெண்டு புள்ளி போயிடுச்சு.

ஆட்டம் முடிஞ்சதும் அந்தப் பாப்பாவோட அப்பா மேட் ஓரத்துக்கே வந்துட்டார். வரக்கூடாது, கோச்சுக்கு மட்டும்தான் அங்க நாற்காலி, ஆனா அவர் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் தடுக்க மனசு வரல. "சார் அடி பட்டுச்சா இல்லையா?" "பட்டுச்சு சார்." "அப்ப பாயிண்ட் எங்க?" "அதுல ஜான்ஷின் இல்ல சார்." "அது என்னங்க கண்ணுக்குத் தெரியாத ஐட்டம்?" இதுக்கு மேல என்கிட்ட தமிழ் இல்ல. அஞ்சு நிமிஷம் கையக் கால ஆட்டி விளக்கிப் பாத்தேன், அவர் தலையாட்டிட்டுப் போனார், ஆனா நம்பலன்னு முதுகே சொல்லுச்சு. அன்னிக்கு முடிவு பண்ணேன், பெத்தவங்களுக்கு ஒரு பக்கத்துல தமிழ்ல விதித்தாள் ஒண்ணு அடிச்சு வாசல்லயே குடுத்துடணும்னு.

குத்து பட்டா மட்டும் புள்ளி கிடையாது, ஆறு விஷயம் சேரணும். அடியோட வடிவம், ஆட்டப் பண்பு, முனைப்பு, நேரம், தூரம், அப்புறம் இந்த ஜான்ஷின், அதாவது அடிச்ச பிறகும் எதிராளி மேலயே மனச வெச்சிருக்கிறது. மத்த அஞ்சுக்கும் அரை மணி நேரத்துல தமிழ் கிடைச்சுடுச்சு, யாரும் சண்டை போடல. ஜான்ஷின்தான் முள்ளு மாதிரி நிக்குது.

இனி உங்க பதில்களுக்கு வர்றேன்.

> விழிப்புணர்வு என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

அக்கா, கோவிச்சுக்காதீங்க. விழிப்புணர்வுன்னு சொன்னதும் எனக்கு டெங்கு பேரணிதான் ஞாபகம் வருது, பசங்க பேனர் புடிச்சுக்கிட்டு கொசுவ ஒழிப்போம்னு கத்திக்கிட்டுப் போவாங்களே அது. அந்த சொல்ல அரசாங்கம் முழுசா எடுத்துக்கிச்சு, நமக்கு மிச்சம் வெக்கல. 'கவனம்'னு இன்னொருத்தர் சொல்லியிருந்தார், அதுவும் பத்தாது, ஏன்னா கவனம் அடிக்கிறதுக்கு முன்னாடியும் இருக்கும் அடிக்கிறப்பவும் இருக்கும், ஜான்ஷின் கேக்குறது அடிச்சதுக்கு அப்புறம் என்ன பண்றன்னுதான். ஜப்பான் எழுத்துல ரெண்டு துண்டு, முதல் துண்டு மீதி நிக்கிறது, ரெண்டாவது மனசு. வேலை முடிஞ்ச பிறகும் மனசு அங்கேயே நிக்கணும். அம்பு எய்யுற கியூடோவுல அம்பு போயி தைச்ச பிறகும் கைய இறக்காம அப்படியே நிப்பாங்க, அதுக்கும் இதே பேருதான். மூங்கில் வாள் சண்டை கெண்டோவுல இன்னும் கறார், அடிச்சு புள்ளி வாங்கிட்டு முஷ்டிய ஆட்டிக் கொண்டாடினா குடுத்த புள்ளியவே திருப்பி வாங்கிடுவாங்க. கிரிக்கெட்காரங்களுக்குப் புரியணும்னா 1999 வேர்ல்ட் கப், ஹெடிங்லில ஸ்டீவ் வா குடுத்த கேட்ச கிப்ஸ் புடிச்சுட்டு சந்தோஷத்துல மேல தூக்கிப் போடப் போயி கீழ விட்டாரே, வா 120 அடிச்சு நாட் அவுட்டா நின்னாரே, அது. கையில பந்து இருந்துச்சு, ஜான்ஷின் இல்ல.

> ஜான்ஷின்னே வெச்சுக்கலாமே, பஸ், காபி மாதிரி பழகிடும்

தம்பி சொல்றதுல பாதி எனக்கு சம்மதம். நடுவர் வாயில வர்ற கட்டளைச் சொல்ல நான் தொடவே மாட்டேன். ஹாஜிமேன்னா ஆரம்பி, யாமேன்னா நிறுத்து, அதோட சரி. ஈரான் பையனும் ஈரோட்டுப் பையனும் ஒரே மேட்ல நின்னா ரெண்டு பேருக்கும் ஒரே சத்தம் கேக்கணும், அங்க போயி 'தொடங்குக'ன்னு நான் சொன்னா அது தமிழ்ப்பற்று இல்ல, அடிபட வைக்கிற வேலை. ஆனா ஜான்ஷின் கட்டளை இல்லியே. அது ஒரு காரணம், ஏன் புள்ளி குடுக்கலன்னு சொல்ற காரணம், காரணத்த கேக்குறவங்க பாஷையிலதான் சொல்லணும். நான் கட்டிக்கிட்ட கோடு இதுதான், கூவுற சொல் ஜப்பான், விளக்குற சொல் தமிழ்.

> பொச்சாவாமை. வள்ளுவர் தந்த சொல். இதைவிடப் பொருத்தம் உண்டா?

ஐயா, உண்மையா சொல்றேன், இத படிச்சுட்டு எந்திரிச்சு ஒரு நடை நடந்துட்டு வந்தேன். பொச்சாவாமைன்னா மறந்துபோகாம இருக்கிறது, அந்த 54வது அதிகாரம் எடுத்துப் பாத்தா மொதக் குறளே நம்ம சிவப்பு பெல்ட் பாப்பாவப் பத்தித்தான், அளவு மீறின கோபத்தவிட சந்தோஷத்துல வர்ற மறதி கெட்டதுன்னு. பொருள்ல ஒரு இம்மிகூட விலகல் இல்ல. ஆனா ஐயா, நான் மைக் புடிச்சு அந்த சொல்ல மொத ரெண்டு எழுத்து சொல்லி முடிக்கிறதுக்குள்ள முந்நூறு பசங்க சிரிச்சு உருண்டுருவாங்க, காரணத்த இங்க எழுத முடியாது, பேரன் இருந்தா கேட்டுப் பாருங்க. அதே குறள்ல வர்ற சோர்வுங்கிறத புடிச்சு 'சோராமை'ன்னு வெக்கலாமான்னும் யோசிச்சேன், இப்ப சோர்வுன்னா டயர்டுதானே, "என் பையன் சோரவே இல்லியே சார், மூணு ஆட்டம் ஆடினானே"ன்னு அடுத்த அப்பா வந்து நிப்பார்.

> நாங்கள் இஞ்ச 'அவதானம்' எண்டுதான் சொல்லுறனாங்கள்

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது உங்க ஊருக்கு கச்சிதமாப் பொருந்தும், ரோட்டுப் பலகையிலயே இருக்கிற சொல், அங்க அடிக்கிற தாளுல தாராளமா போடுங்க. இங்க அவதானம்னா எட்டு பேர் எட்டு கேள்வி கேக்க ஒருத்தர் மேடையில உக்காந்து மணி எண்ணிக்கிட்டே வெண்பா பாடுற வித்தை. மேட்ல அவதானி வேணாம்.

இனி என் முறை. நேத்து ஓரமா உக்காந்து நான் செஞ்ச ஒரே ஆராய்ச்சி, கோச்சுங்க நாற்காலியிலருந்து என்ன கத்துறாங்கன்னு காது குடுத்துக் கேட்டது. அடி விழுந்த உடனே அத்தனை பேரும் ஒண்ணுதான் கத்துறாங்க, "விடாத, விடாத, பாத்துட்டே இரு!" மதுரைப் பக்கத்து கோச்சும் அதான், கோவைப் பக்கத்து அம்மாவும் அதான், அவங்க கொஞ்சம் மரியாதையா "விடாத கண்ணு"ன்னாங்க, அவ்ளோதான் வித்தியாசம். அப்ப சொல் ஏற்கெனவே ஹால்ல இருக்கு, நாமதான் வெளிய தேடிக்கிட்டிருக்கோம்.

*விடாவிழிப்பு.*

விடாமுயற்சி எல்லாருக்கும் தெரியும், விடாப்பிடி தெரியும், விடாமழை தெரியும், விடாக்கண்டன கேக்கவே வேணாம். அதே அச்சு. முதல் தடவ கேக்குற அப்பாவுக்கும் பாதி அர்த்தம் தானா வந்துடும். 'விழிப்பு'ல கண்ணும் இருக்கு மனசும் இருக்கு, விதியில கேக்குறதும் அதேதான், அடிக்கிறப்ப முகத்த திருப்பக்கூடாது, அடிச்ச பிறகும் எதிராளியப் பாத்தே நிக்கணும், அவன் திருப்பி அடிக்கலாம்கிற நினைப்பு மனசுல இருக்கணும். ஒற்று மிகுமா மிகாதான்னு ஐயா கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான், ஆனா பின்னாடி வர்றது வகரம், அதனால அந்த வம்பு இல்ல.

மத்த சொல்லுங்கள வேகமா பாத்துடுவோம். கோட்டுக்கு வெளிய கால் வெக்கிற ஜோகாய்க்கு 'எல்லை மீறல்'னு போட்டிருந்தீங்க, எட்டு மீட்டர் மேட்ல ஒரு கால் தவறி வெளிய போன பொண்ணப் பாத்து எல்லை மீறிட்டான்னு மைக்ல சொன்னா அவங்க பாட்டி என்னை விட மாட்டாங்க. 'கோடு தாண்டல்' போதும். மொதல்ல தனியா புள்ளி எடுத்தவருக்குக் கிடைக்கிற சென்ஷு இருக்கே, கடைசில ரெண்டு பேரும் சமமா முடிஞ்சா அது வெச்சிருக்கிறவருக்கு வெற்றி, அதுக்கு 'முன்னுரிமை' வேணாம், ரேஷன் கார்டு வாசனை அடிக்குது. 'முந்தல்'னு வெக்கிறேன். கடைசிப் பதினஞ்சு விநாடியில சண்டை போடாம ஓடி ஒளிஞ்சா முந்தல் பறிபோகும்னு எழுதிப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுது. அடிபடாமலே பட்ட மாதிரி உருள்றதுக்கு புதுசா எதுவும் யோசிக்க வேணாம், 'பாசாங்கு'ன்னு தங்கமான சொல் இருக்கு. தண்டனையில 'ஹன்சோகு'ன்னா அந்த ஆட்டத்தோட சரி, 'ஷிக்காகு'ன்னா மொத்தப் போட்டியிலருந்தே வெளிய. ரெண்டையும் பேப்பர்ல தகுதி நீக்கம்னே போடுறாங்க, நமக்கு 'ஆட்டநீக்கம்', 'முழுநீக்கம்'னு பிரிச்சா சரியா வரும்.

அடிய அளவோட நிறுத்துறதுக்கு மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும். ஜப்பான்ல 'சுந்தோமே'ம்பாங்க, 'சுன்'னா அவங்க பழைய அளவு, ஏறக்குறைய மூணு சென்டிமீட்டர், அவ்ளோ தூரம் இருக்கும்போதே நிறுத்துறது. 'கட்டுப்பாடு'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, அத படிச்சா எனக்கு ஹாஸ்டல் வார்டன்தான் கண்ணு முன்னாடி வர்றார். நான் சொல்றது 'அடியடக்கம்'. அடக்கம்னா புதைக்கிறதும்தானேன்னு தம்பி கிண்டல் பண்ணுவான், பண்ணட்டும், அடக்கம் தவறினா அங்கதான் போயி முடியும். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக், புடோகான் அரங்கு, 75 கிலோவுக்கு மேல பிரிவு இறுதி. சவுதியோட தாரெக் ஹமேதி 4க்கு 1னு முன்னாடி நிக்கிறார், ஒரு உயர உதை, ஈரானோட சஜ்ஜாத் கஞ்ச்சாதே நினைவில்லாம விழுந்துட்டார், ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. ஊர்ல எல்லாரும் ஹமேதிக்குத் தங்கம்னுதானே நினைப்போம்? அளவு மீறின அடின்னு ஹமேதிக்கு ஆட்டநீக்கம், மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கம். அந்த முடிவு சரியான்னு இன்னும் கராத்தேக்காரங்க டீக்கடையில சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், எனக்கே ஹமேதியப் பாத்தா பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா பத்து வயசுப் பிள்ளைங்கள மேட்ல இறக்குற ஆளா கேட்டீங்கன்னா அந்த விதி இருக்கிறதாலதான் ராத்திரி நான் தூங்குறேன்.

தாளுக்கு எழுதினத கீழ போடுறேன், பேச்சுத் தமிழ்லயே விட்டிருக்கேன், ஐயா திருத்தணும்னா திருத்துங்க ஆனா பாடநூல் ஆக்கிடாதீங்க:

"அடிச்ச பிறகும் எதிராளியவிட்டு கண்ண எடுக்காம, அவர் திருப்பி அடிச்சா தடுக்கத் தயாரா நிக்கிறதுக்குப் பேரு விடாவிழிப்பு. அது இல்லன்னா அடி பட்டிருந்தாலும் புள்ளி கிடையாது. அதனால பிள்ளை அடிச்ச உடனே கேலரியிலருந்து பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, திரும்பிப் பாத்துரும். நகம் வெட்டி அனுப்புங்க. செயின், தோடு, கயிறு எதுவும் வேணாம். முடிவு பிடிக்கலன்னா கோச் மூலமா சொல்லுங்க, மேட் மேல ஏறாதீங்க. ஆட்டம் முடிஞ்சதும் எதிராளிக்குத் தலைவணங்காம பிள்ளை வெளிய வந்தா திருப்பி அனுப்புங்க."

கடைசி வரி விதியில நடுவர் வேலை, ஆனா போன வாரம் தோத்துப்போயி அழுதுக்கிட்டே இறங்கின ஒரு குட்டிப் பையன அவங்க தாத்தாதான் கையப் புடிச்சு மேட் ஓரத்துக்குத் திருப்பிக் கூட்டிட்டு வந்து வணங்க வெச்சார், அதப் பாத்ததுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல.

இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி, முபோபி. தன்னைக் காத்துக்காம நெஞ்ச திறந்துபோட்டு பாயுறது, இல்லன்னா அடிச்சுட்டு புள்ளி கேட்டு முதுகக் காட்டுறது, அதுக்கு எச்சரிக்கை உண்டு. அந்தப் பாப்பாவுக்கு அன்னிக்கு அதுவும் குடுத்திருக்கலாம், நடுவர் பெரிய மனசு பண்ணி விட்டுட்டார். 'காப்பின்மை'ன்னு போட்டா கவசம் மாட்டாம வந்த பையன்னு நினைச்சுக்குவாங்க. 'தற்காவாமை'ன்னு ஒண்ணு தோணுது, வாயில கொஞ்சம் கடிக்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்குப் போகணும், அதுக்குள்ள யாருக்காவது நல்லதா ஒண்ணு மாட்டினா அனுப்புங்க, இல்லன்னா கடிச்சாலும் பரவால்லன்னு அதையே போட்டுடுவேன்.