வாகினி ஸ்டுடியோ இருந்த இடம்: உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நினைவு?

வடபழனி ஆற்காடு சாலையில் தாத்தா செட் ஆசாரியாக வேலை பார்த்த அதே வளாகத்தில், இப்போது அங்கே நிற்கும் மாலில், என் மகள் சனிக்கிழமைதோறும் பீட்சா சாப்பிடுகிறாள். நான் பிறந்ததும் அங்கேதான், விஜயா ஆஸ்பத்திரியில்.

1948-இல் வாகினி ஸ்டுடியோ வந்தபோது அந்தப் பக்கம் ஊருக்கு வெளியே என்று தாத்தா சொல்வார். பிறகு தயாரிப்பாளர் நாகி ரெட்டி கைக்கு வந்து விஜயா வாகினி ஆனது. 'மாயா பஜார்' எடுத்த இடம், கேட்கவா வேண்டும்! ஆனால் தாத்தா வாயில் நட்சத்திரக் கதை வராது. தூண் செய்த கதைதான். மரச்சட்டம் அடித்து, சாக்கு சுற்றி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசுவார்களாம். கேமராவுக்குத் தெரியாத பின்பக்கம் வெறும் ரீப்பர் கட்டைதான். படப்பிடிப்பு முடிந்ததும் ஆணியைப் பிடுங்கி, நிமிர்த்தி, அடுத்த செட்டுக்கு எடுத்து வைப்பார்கள். எங்கள் வீட்டு முதல் அலமாரிகூட ஏதோ ஒரு அரண்மனையின் மிச்சம்தான்! உங்கள் வீட்டுக் கதைகளையும் எழுதுங்கள்.

சாலிகிராமத்துக்காரன்:
அப்பா லைட்மேன். விளக்கு மாட்டிய பரண்மேல் உட்கார்ந்து வெந்துபோவார்கள், ஃபேன்கூடப் போட முடியாது, சத்தம் பதிவாகிவிடும். ராத்திரி கால்ஷீட் என்றால் பேட்டா, அதாவது தினப்படி, கூடுதல், மறுநாள் எங்களுக்கு பன் பட்டர் ஜாம். அப்புறம் எல்லாரும் வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கிளம்பிவிட்டார்கள். படப்பிடிப்பு ஃப்ளோர் காலியாக நின்றால் நிலத்துக்கு வரும் விலை சும்மா இருக்குமா? ஸ்டுடியோவை மூடிவிட்டார்களே என்று இப்போது வருத்தப்படுகிறவர்களில் பாதிப் பேர் அந்த கேட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. எங்கள் தெரு லைட்மேன் குடும்பங்களில் பலர் வாடகை கட்டுப்படாமல் போரூர், பூந்தமல்லி பக்கம் போய்விட்டார்கள். அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

வேதாளம்:
சிறுவர் பத்திரிகை அம்புலிமாமாவை விட்டுவிட்டீர்களே! அதுவும் அப்போது நாகி ரெட்டி குடும்பத்துடையதாகத்தான் இருந்தது. அலுவலகமும் வடபழனியில்தான் இருந்தது. பெரியம்மா அங்கே கொஞ்சகாலம் வேலை பார்த்தார். இரண்டு படம் போட்டு, பொருத்தமாகத் தலைப்பு எழுதச் சொல்லும் போட்டி ஒன்று வருமே, அதற்கு வரும் கார்டுகளைப் பிரித்து அடுக்குவது அவர் வேலை. வேதாளம் வரைந்த ஓவியர் சங்கரைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், "ஓ, தினமும். பேசவே மாட்டார்" என்பார்.

ஆற்காடு ரோடு:
1972-இல் ஆஸ்பத்திரி, 2013-இல் மால், 2015-இல் பக்கத்தில் மெட்ரோ. படம் எடுத்த இடத்திலேயே ஐமேக்ஸில் படம் பார்க்கிறோம் என்று எல்லாரும் சொல்லி அலுத்துவிட்டார்கள், நான் சொல்லவில்லை. நான் மால் கட்டும்போது எலெக்ட்ரிகல் சப்-கான்ட்ராக்ட் எடுத்திருந்தேன். சாலிகிராமத்துக்காரரே, என்னிடம் வேலை செய்த பையன்களில் இரண்டு பேர் லைட்மேன் பிள்ளைகள். ஒருவன் இன்னும் அந்த மாலிலேயே மெயின்டனன்ஸில் இருக்கிறான். ஷிஃப்ட் வேலை, பி.எஃப். பிடித்தம் உண்டு. பேட்டாதான் கிடையாது.