புதுப்பிப்பு: பாலை உறைய வைக்காத லாக்டோகாக்கஸ் – காரணம் பிளாஸ்மிட் இழப்புதான்

பதில் போட்ட எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுத் தயிரிலிருந்து பிரித்த லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் (பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா), ராத்திரி உறை ஊற்றினால் விடிவதற்குள் கெட்டித் தயிராக்கியது. பிறகு பாலைப் பாலாகவே விட்டுவிட்டது, ஏன் என்று கேட்டிருந்தேன். பாலில் ஆன்டிபயாட்டிக், ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) தாக்குதல் என்று பலரும் சொன்னீர்கள். இரண்டும் இல்லை. "குளுக்கோஸ் மீடியத்திலேயே (குளுக்கோஸ் கலந்த வளர்ப்புக் கரைசல்) திரும்பத் திரும்ப வளர்க்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டாரே, அங்கேதான் விடை இருந்தது.

பால் சர்க்கரையான லாக்டோஸைப் பயன்படுத்தும் ஜீன்களும், பால் புரதமான கேசீனை உடைக்கும் புரோட்டியேஸ் என்ற நொதியின் ஜீனும் இந்தப் பாக்டீரியாவில் பெரும்பாலும் பிளாஸ்மிடில்தான் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) இருக்கின்றன. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் அவை தேவையே இல்லை. செல் பிரியும்போது பிளாஸ்மிட் விடுபட்டாலும் அங்கே வளர்ச்சி நிற்காது. ஆனால் பாலில் அவை இல்லாமல் உறைய வைக்கும் அளவுக்குப் புளிப்பு வராது. இந்தப் பாக்டீரியா வளர ஏற்றது 30 டிகிரி. மதுரைக் கோடையில் அறைச்சூடே அதைத் தாண்டிவிடும். அதிகச் சூடும் பிளாஸ்மிட் இழப்பைக் கூட்டும்.

லாக்டோஸும், அமிலம் பட்டால் மஞ்சளாகும் புரோமோகிரெசால் பர்ப்பிள் சாயமும் சேர்த்த அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தேய்த்துப் பார்த்தேன். பெரும்பாலானவை வெள்ளைக் காலனிகள், லாக்டோஸைத் தொடவே இல்லை. நான் எதிர்பாராதது, நன்றாக மஞ்சளான காலனிகளிலும் சில பாலில் மந்தமாகவே இருந்தன. அந்தப் பாலில் கேசீன் ஹைட்ரோலைசேட் (ஏற்கெனவே உடைத்த கேசீன்) கொஞ்சம் சேர்த்ததும் சட்டென்று உறைந்தது. அவற்றில் புரோட்டியேஸ் மட்டும் போயிருக்கிறது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பாலிலும் சோதியுங்கள்.

வேகமாக உறைய வைத்த மஞ்சள் காலனியைத் தேர்ந்தெடுத்து, கொழுப்பு நீக்கிய பாலில் வளர்த்து, கிளிசரால் சேர்த்து ஃப்ரீசரில் உறையவைத்துப் பத்திரப்படுத்திவிட்டேன். இப்போது தயிர் பழையபடி உறைகிறது.