ஐஜிசிஎஸ்இ ஆங்கிலம்: கதைக் கட்டுரை பாதியிலேயே நின்றுவிடுகிறது

நெல்லைக்காரன்:
தங்கை கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவிலான தேர்வு) 0500, அதாவது முதல்மொழி ஆங்கிலம், இரண்டாம் தாளில் நரேட்டிவ் (கதைக் கட்டுரை) எடுக்கிறாள். இலக்கணப் பயிற்சியில் தவறு வராது. கதை எழுதினால் மட்டும் இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்துவிடுகின்றன. 450 வார்த்தை ஆகும்போது கதை பாதியில் நிற்கிறது, கடைசி இரண்டு வரியில் அவசரமாக முடிக்கிறாள். எங்கிருந்து சரிசெய்வது?

கலா டீச்சர்:
கதையின் அளவுதான் முதல் சிக்கல். 350 முதல் 450 வார்த்தைக்குள் ஒரு நாள் முழுவதும் அடங்காது. ஒரே இடம், இரண்டு பேர், அரை மணி நேரத்துக்குள் நடப்பது போதும். சாவி தொலைந்த கதையா? காலையில் எழுந்து பல் தேய்த்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். பூட்டிய கதவு முன்னால், பைக்குள் கைவிட்டுத் தேடும் நொடியில் தொடங்கட்டும்.

இரண்டு மணி நேரத் தாளில் இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். முதல் பத்து நிமிடம் திட்டத்துக்கு. அதில் கடைசி வாக்கியத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள். போகும் இடம் தெரிந்தால் நடுவில் அலையாது. தொடக்கம் 70 வார்த்தை, சிக்கல் 130, உச்சம் 150, முடிவு 70 என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும். மனப்பாடம் செய்த கதையைத் தலைப்புக்கு வளைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒட்டு தெரிந்துவிடும்.

சொல்லேர்:
இந்தப் பகுதிக்கு மொத்தம் 40 மதிப்பெண். உள்ளடக்கத்துக்கும் அமைப்புக்கும் 16, நடைக்கும் பிழையின்மைக்கும் 24. அதனால் காலக் குழப்பத்தை லேசாக விடக்கூடாது.

தமிழில் கதை சொல்லும்போது "போனேன், பார்த்தா அங்க ஒருத்தன் நிக்கிறான்" என்று தாவுவது இயல்பு. அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்கும் வந்துவிடும். இன்னொன்று, "கதவைத் திறந்து, உள்ளே போய், விளக்கைப் போட்டு" என்ற வினையெச்சச் சங்கிலி. பிள்ளைகள் இதை மூன்று 'இங்' (-ing) வினைகளாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதுபோல ஒலிக்கும். அடுத்தடுத்து நடந்தால் சாதாரண இறந்தகால வினைகளே சரி: 'ஓப்பன்ட்', 'வென்ட்', 'ஸ்விட்ச்ட் ஆன்'. 'ஓப்பனிங் த டோர்' என்று தொடங்கி 'த ஸ்மெல் ஹிட் மீ' என்று முடித்தால், கதவைத் திறந்தது வாசனை என்றாகிவிடும்!

பழைய நினைவுக்குப் போகும்போது முதல் ஓரிரு வினைகளுக்கு 'ஹேட்' (had) போட்டால் போதும், பிறகு சாதாரண இறந்தகாலம். கடைசி ஏழு நிமிடத்தில் வினைச்சொற்களை மட்டும் விரலால் தொட்டுப் படித்துச் சரிபார்க்கட்டும்.

நெல்லைக்காரன்:
நன்றி. உரையாடல் எவ்வளவு வரலாம்?

கலா டீச்சர்:
நாலைந்து வரி. ஆள் மாறினால் புதிய பத்தி. பேச்சின் முடிவில் வரும் காற்புள்ளி மேற்கோளுக்குள்ளே வரும். வணக்கம், நலமா எல்லாம் வேண்டாம். ஒருவர் எதையோ மறைக்கும் வரி, மற்றவர் மறுக்கும் வரி, இவை இருக்கட்டும். தினமும் முழுக் கட்டுரை எழுத வைக்காதீர்கள். வாரத்தில் மூன்று நாள் முடிவுப் பத்தி மட்டும் எழுதட்டும். அவளுக்கு வராதது அதுதானே.